வேலை, வீடு, திடீர் இழப்பு: இதுக்கு நடுவுல சைக்கிளை எப்படி விடாம வச்சுக்கறது

சைக்கிளுக்கு நேரம் எங்க கிடைக்குதுன்னு கேட்டா நம்மள்ல பாதி பேர் சொல்ற பதில் "காலையில சீக்கிரம் எழுந்துடுவேன்". ஆனா அந்தக் காலை நேரம் சும்மா கிடக்கிற நேரம் இல்லங்க, அப்ப தான் வீட்டுல யாராவது தண்ணி பிடிக்கணும், குக்கர் வைக்கணும், புள்ளைக்கு தலை பின்னி ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள கீழ இறக்கி விடணும். நாம ஈசிஆர்ல காத்து வாங்கிட்டு இருக்கும்போது அதெல்லாம் வேற ஒருத்தர் செய்யறாங்க. இதை முதல்ல ஒத்துக்கிட்டா தான் மத்ததைப் பத்தி பேச முடியும்.

இது ரேஸ் ஓட்டறவங்களுக்கு எழுதறது இல்ல. வேலைக்கு போயிட்டு, குடும்பம் வச்சுக்கிட்டு, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பிரேவே (200 கிலோமீட்டர், அதுக்கு மேலன்னு குறிச்ச நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கிற நீண்ட தூர ரைடு, ரேஸ் இல்ல) ஓட்டணும்னு ஆசைப்படறவங்களுக்கு. நான் வேளச்சேரி, ஆபீஸ் சோழிங்கநல்லூர். அப்பா நெஞ்சு வலின்னு சொன்ன அன்னைக்கு ராத்திரியே போயிட்டார், அதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட படுத்ததில்ல. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எனக்கு எது உதவுச்சு, கூட ஓட்டறவங்க வீட்டுல என்ன பார்த்தேன், அதையெல்லாம் சேர்த்து எழுதறேன்.

வேலையோட

முதல்ல தூக்கக் கணக்கு. யுஎஸ் கிளையன்ட் கால் ராத்திரி ஒன்பதரைக்கு முடியுதுன்னா பத்தரைக்கு முன்னாடி தூக்கம் வராது, நாலரைக்கு அலாரம் வச்சா ஆறு மணி நேரம், இது வாரத்துல ரெண்டு நாள் தாங்கும், அஞ்சு நாள் தாங்காது. இன்னொண்ணு நிறைய பேர் கவனிக்கிறதில்ல, நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடுவாங்க, நமக்கு அதே கால் ஒரு மணி நேரம் லேட்டாயிடும், மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படியே தான் போகும். பிரேவே சீசன் ஆரம்பிக்கிறதும் நவம்பர்ல தான். அதனால அக்டோபர்லயே டீம் லீடுகிட்ட பேசி, வாரத்துல எந்த ரெண்டு நாள் ராத்திரி கால் வேண்டாம்னு முடிவு பண்ணி வச்சுக்கோங்க. சைக்கிளுக்காகன்னு விளக்கம் எல்லாம் சொல்ல வேண்டாம், "செவ்வாயும் வியாழனும் எட்டு மணிக்கு மேல நான் இருக்க மாட்டேன்"ன்னு சொன்னா போதும், மத்த நாள் வேலை ஒழுங்கா போச்சுன்னா யாரும் கேக்கறதில்ல.

நிறைய ஓட்டணும்ங்கிற பயத்தை விட்டுடுங்க. 200 கிலோமீட்டர் பிரேவேக்கு 13 மணி நேரம் 30 நிமிஷம் கொடுக்கறாங்க, சாப்பாடு, பஞ்சர், டீ எல்லாம் அதுக்குள்ள. கணக்கு போட்டா மணிக்கு 15 கிலோமீட்டர் கிட்ட தான் வருது. 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. இதுக்கு ஸ்பீடு முக்கியம் இல்ல, சீட்டுல உக்காந்து பழகின உடம்பும் ஒழுங்கா சாப்பிடற வயிறும் தான் முக்கியம். வாரத்துக்கு அஞ்சாறு மணி நேரம் கிடைச்சா 200 தாராளமா முடிக்கலாம், அதுல பாதியை ஆபீஸ் போற வழியிலயே எடுத்துடலாம்.

ஆபீஸுக்கு சைக்கிள்ல போறதை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பள்ளிக்கரணை, மேடவாக்கம் வழியா போனாலும் சரி, ஓஎம்ஆர் வழியா போனாலும் சரி, மெட்ரோ வேலை நடக்கறதால ரோடு குறுகி கிடக்கு, ஏழு மணிக்கு முன்னாடி கிளம்பினா தான் நிம்மதி. திங்கட்கிழமை மட்டும் வண்டியிலயோ பஸ்லயோ போய் மூணு நாளுக்கு வேண்டிய சட்டை, துண்டு, சோப்பு எல்லாம் டிராயர்ல வச்சிடுங்க. முதுகுல பேக் மாட்டிக்கிட்டு இந்த ஊர் வெயில்ல ஓட்டினா சட்டை பிழியற மாதிரி ஆயிடும், ஒரு கேரியர் போட்டு சைடு பேக் தொங்கவிட்டா அந்தப் பிரச்சனையே இல்ல. சாயங்காலம் திரும்பும்போது முன்னாடி பின்னாடி லைட் கட்டாயம்.

வீட்டோட

என் மனைவி ஒரு தடவை சொன்னாங்க, "நீங்க போறது எனக்கு பிரச்சனை இல்ல, எப்ப வருவீங்கன்னு தெரியாதது தான் பிரச்சனை." நான் இதுவரைக்கும் கேட்ட எந்த டிரெய்னிங் டிப்ஸை விடவும் இது பிரயோஜனமா இருந்துச்சு. அதுலேருந்து தூரத்தை பிளான் பண்றதே இல்ல, திரும்பற நேரத்தை தான் பிளான் பண்றேன். ஏழு மணிக்கு வீட்டுல இருக்கணும், நாலே முக்காலுக்கு கிளம்பினோம்னா, அஞ்சே முக்காலுக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும், கோவளம் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் தான்னாலும் திரும்பிடணும், மிச்சம் இருக்கிற கால் மணி நேரம் பஞ்சருக்கு. குரூப்ல எல்லாரும் மாமல்லபுரம் போறாங்க, திருவான்மியூர்லேருந்து போய் வர 90 கிலோமீட்டர் கிட்ட ஆகும், நமக்கு டைம் இல்லன்னா டாட்டா சொல்லிட்டு வந்துட வேண்டியது தான். இப்படி சொன்ன நேரத்துக்கு வர ஆரம்பிச்சா வீட்டுல நம்பிக்கை வரும், அந்த நம்பிக்கை இருந்தா தான் வருஷத்துல ஒரு நாள் 13 மணி நேரம் கேக்க முடியும்.

நீங்க சனிக்கிழமை மூணு மணி நேரம் எடுத்தா ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் அவங்களுக்கு. அந்த மூணு மணி நேரத்துல அவங்க தூங்கலாம், அம்மா வீட்டுக்கு போகலாம், ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்கலாம், அது நம்ம கேள்வி இல்ல. ஆனா அந்த நேரத்துல "இட்லி மாவு எங்க இருக்கு, இவ சாக்ஸ் எங்க இருக்கு"ன்னு போன் பண்ணக் கூடாது, அப்படி பண்ணா அது அவங்க நேரமே இல்ல.

ராத்திரியே எல்லாத்தையும் ஹால்ல எடுத்து வச்சிடுங்க. டயர்ல காத்து (28 எம்எம் டயருக்கு 70 முதல் 80 பிஎஸ்ஐ, உங்க வெயிட்டை பொறுத்து), பாட்டில், ஒரு ஸ்பேர் ட்யூப், டயரைக் கழட்டற லிவர், பம்ப், லைட் சார்ஜ், ஹெல்மெட். அலாரத்தை வைப்ரேட்ல போட்டு தலகாணிக்கு அடியில வச்சுக்கோங்க. க்ளீட் ஷூ (பெடல்ல மாட்டிக்கிற கட்டை அடியில இருக்கிற ஷூ) போட்டுட்டு மாடிப்படியில இறங்கினா அந்த டக் டக் சத்தத்துல கீழ் வீட்டு குழந்தை எழுந்துடும், ஷூவை கையில எடுத்துட்டு போய் கேட்டுக்கு வெளிய மாட்டுங்க. வீட்டுல கோபம் வர்றது பெரும்பாலும் சைக்கிள் மேல இல்ல, தூக்கத்தைக் கெடுத்த இந்த மாதிரி சத்தத்து மேல தான்.

வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் எட்டு மணி நேரம் வரைக்கும் போட முடியும், கிளம்பும்போதே போட்டுட்டு போங்க. பட்டன் போன் வச்சிருக்கிற அம்மா அப்பாவுக்கு இது உதவாது, டீக்கடையில நிக்கும்போது ஒரு போன் போட்டா போதும். போன் லாக் ஸ்கிரீன்ல ப்ளட் குரூப்பும் வீட்டு நம்பரும் தெரியற மாதிரி வச்சுக்கோங்க.

யாராவது திடீர்னு போயிட்டா

முதல் பதினாறு நாள் சைக்கிளைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். காரியம் முடியற வரைக்கும் வீட்டுக்கு யார் யாரோ வருவாங்க, நீங்க அங்க இருக்கணும், இருக்கிறது தான் அப்ப உங்க வேலை. பேர் கொடுத்து வச்ச பிரேவே இருந்தா டிஎன்எஸ் (டிட் நாட் ஸ்டார்ட், அதாவது கிளம்பவே இல்ல) தான், அதுல ஒரு குறையும் இல்ல. ஃபிட்னஸ் போயிடுமோன்னு மனசு ஒரு மூலையில கணக்கு போடும், அது தப்பான நினைப்பு இல்ல, பல வருஷப் பழக்கம் அப்படித் தான் வேலை செய்யும். ரெண்டு வாரம் ஓட்டலன்னா முதல்ல குறையறது ரத்தத்துல இருக்கிற பிளாஸ்மா, அதாவது நீர்ப் பகுதியோட அளவு தான், திரும்ப ஓட்ட ஆரம்பிச்சா அது சீக்கிரம் ஏறிடும். பக்கத்துல இருக்கிற நண்பர் யார்கிட்டயாவது செயின்ல ரெண்டு சொட்டு ஆயில் விட்டு வைக்க சொல்லுங்க, கடல் காத்துக்கு சென்னையில ரெண்டு வாரத்துல செயின் துரு பிடிச்சிடும்.

கொள்ளி வச்சவங்க மொட்டை போட்டிருப்பீங்க. திரும்ப ஓட்டற அன்னைக்கு ஹெல்மெட்டை எடுத்து மாட்டினா அது தலையில நிக்காது, முடி இருந்த இடம் காலியா இருக்கும். பின்னாடி இருக்கிற டயலை டைட் பண்ணுங்க, தாடை ஸ்டிராப்பையும் சரி பண்ணுங்க, உள்ள ஒரு மெல்லிசான காட்டன் தொப்பி போட்டுக்கோங்க, ஹெல்மெட் ஓட்டை வழியா வெயில் பட்டு மண்டையில கோடு கோடா எரியும். யாரும் இதை சொல்லித் தர மாட்டாங்க, அதனால தான் எழுதறேன்.

எப்ப ரோட்டுக்கு இறங்கலாம்? நாள் கணக்கு கிடையாது. நான் ஒண்ணு வச்சுக்கிட்டேன்: கேஸை அணைச்சோமா, கதவைப் பூட்டினோமான்னு திரும்பத் திரும்ப போய் பார்க்கிற நிலைமையில இருந்தா மெயின் ரோடு வேண்டாம். ராத்திரி அஞ்சு மணி நேரத்துக்கு கம்மியா தூங்கியிருந்தாலும் வேண்டாம். துக்கத்துல இருக்கிறப்போ கண்ணு ரோட்டுல இருக்கும், புத்தி ஆஸ்பத்திரி வராண்டாவுல இருக்கும், பின்னாடி லாரி ஹாரன் அடிச்சது ரெண்டு செகண்ட் கழிச்சு தான் மண்டையில ஏறும். காலனி உள் தெருவுல அரை மணி நேரம் மெதுவா ஓட்டுங்க, தனியா ஈசிஆர் வேண்டாம், இருட்டுல வேண்டாம், இயர்போன் வேண்டாம். அழுகை வந்தா ஓரமா நிறுத்தி இறங்கி, காலை ஊனி நின்னு அழுதுட்டு போங்க, ஓட்டிக்கிட்டே அழாதீங்க, கண்ணு மறைக்கும். வாட்ச்ல ரெஸ்டிங் ஹார்ட் ரேட் வழக்கத்தை விட கூட காட்டினா இன்டர்வல் (கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் மெதுவான்னு மாத்தி மாத்தி ஓட்டறது), மலை ஏறறது எல்லாம் தள்ளிப் போடுங்க.

இதை கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். போனவருக்கு மாரடைப்புன்னா, நீங்க திரும்ப சீரியஸா ஓட்டறதுக்கு முன்னாடி கார்டியாலஜிஸ்ட்டை பாருங்க. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65 வயசுக்கு முன்னாடி இதய நோய் வந்திருந்தா நமக்கும் ரிஸ்க் கூடன்னு டாக்டர்கள் கணக்குல எடுத்துக்கறாங்க. வயசு அதுக்கு மேலன்னாலும் ஒரு ஈசிஜி, எக்கோ, கொலஸ்ட்ரால், சுகர், அவங்க சொன்னா ட்ரெட்மில் டெஸ்ட். "நான் தான் வாரா வாரம் சைக்கிள் ஓட்டறேனே, எனக்கு என்ன"ன்னு நினைக்காதீங்க. ஓட்டும்போது நெஞ்சுல அழுத்தம், தாடைக்கும் கைக்கும் பரவற வலி, வழக்கமில்லாத மூச்சு வாங்கல், கண் இருட்டறது, இதுல எது வந்தாலும் அங்கயே இறங்கி 108க்கு அடிங்க, வீடு வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்க்காதீங்க.

அப்புறம் அப்பா நினைவா உடனே ஒரு 400, 600 ஓட்டணும்னு தோணும், நிறைய பேருக்கு தோணுது. என் கருத்து, தலை திவசம் ஆகற வரைக்கும் வேண்டாம். ராத்திரி முழுக்க தூங்காம ஓட்டற ரைடுல மனசு எங்க போகும்னு நம்மால சொல்ல முடியாது, விழுப்புரம் தாண்டி ஹைவேல ராத்திரி ரெண்டு மணிக்கு அதை தெரிஞ்சுக்க வேண்டாம். வருஷம் முடிஞ்சதும் ஓட்டுங்க, அப்ப வீட்டுல இருக்கிறவங்களும் உங்களை அனுப்ப தயாரா இருப்பாங்க. அதுக்கு முன்னாடி அம்மா ஒவ்வொரு தடவையும் வாசல்லயே உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் சொல்லாம போன வீட்டுல இன்னொருத்தர் வர அஞ்சு நிமிஷம் லேட்டானா அவங்களுக்கு அது அஞ்சு நிமிஷம் இல்ல.

எங்க வீட்டுல காலையில பால் வாங்கறது அப்பா வேலை. ஆவின் பூத்துக்கு நடந்து போய் ரெண்டு பச்சை பாக்கெட், வர்ற வழியில அக்கம் பக்கத்துல ரெண்டு வார்த்தை. அவர் போனதுக்கப்புறம் அம்மா அந்த நேரத்துக்கு எழுந்து கேட்டுகிட்ட நின்னுட்டு இருந்தாங்க. அதனால என் காலை ரைடை ஆறு மணிக்கு ஆவின் பூத்துல முடியற மாதிரி மாத்திக்கிட்டேன். அம்பது கிலோமீட்டர் இருந்தது பதினஞ்சு இருபதாச்சு, பாலை ஹேண்டில்பார் பையில போட்டு எடுத்துட்டு வந்து கொடுத்துட்டு, கூட உக்காந்து காபி குடிச்சிட்டு தான் குளிக்கப் போவேன். உங்க வீட்டுல அது பாலா இல்லாம பேப்பரா இருக்கலாம், பூவா இருக்கலாம், பாட்டியை வாக்கிங் கூட்டிட்டு போறதா இருக்கலாம். போனவர் செஞ்சிட்டு இருந்த வேலைகள்ல சைக்கிள்ல செய்ய முடிஞ்சது எதுன்னு பாருங்க, அதை எடுத்துக்கோங்க. சைக்கிளுக்கு வீட்டுல ஒரு வேலை இருந்தா அதுக்கு பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல.

அலைச்சலை சைக்கிள்ல அலையறது

ஒருத்தர் போனா ஆறு மாசத்துக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும். இறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிடணும், தாண்டினா லேட் ஃபீஸ், அனுமதின்னு கூடுதல் வேலை. சர்டிபிகேட் வந்ததும் நிறைய காப்பி எடுத்து வச்சுக்கோங்க, போற இடமெல்லாம் கேப்பாங்க. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவையில போட்டா விஏஓ விசாரிச்சு, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, தாசில்தார்கிட்ட போகும். பேங்க், பென்ஷன், ஈபி கனெக்‌ஷன், கேஸ், ரேஷன் கார்டு, சொத்து வரி, ஒவ்வொண்ணுக்கும் பேர் மாத்தணும். இதுல பாதி வீட்டுலேருந்து நாலஞ்சு கிலோமீட்டருக்குள்ள தான் இருக்கும், தாலுகா ஆபீஸ் வாசல்ல கார் நிறுத்த இடம் தேடறதை விட சைக்கிள் எவ்வளவோ மேல்.

பேப்பர் எல்லாம் தண்ணி போகாத ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு கேரியர் பேக்ல வைங்க. ஒரிஜினல் எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துட்டு போகாதீங்க, அன்னைக்கு எது வேணுமோ அது மட்டும். நல்ல பூட்டு ஒண்ணு, கவுன்டர்ல எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாது. ஒவ்வொரு கவுன்டர்லயும் "இறந்தவர் பேர் என்ன"ன்னு கேப்பாங்க, பதில் சொல்லி சொல்லி மனசு கனத்துப் போயிடும், அடுத்த இடத்துக்கு போற அந்த கால் மணி நேரம் யாரும் எதுவும் கேக்காம பெடல் மட்டும் மிதிக்கிறது பெரிய ஆறுதல். ரெண்டு மாசத்துல பார்த்தா கால் தானா பழைய நிலைமைக்கு பக்கத்துல வந்திருக்கும்.

அந்த ஃபைலை கையில வச்சிருக்கும்போதே உங்களோடதையும் சரி பண்ணிடுங்க. பிஎஃப், பேங்க், இன்சூரன்ஸ்ல நாமினியா அப்பா பேர் தான் இருக்கும், பல பேர் வேலைக்கு சேர்ந்த அன்னைக்கு போட்டதை மாத்தறதே இல்ல. பிஎஃப்புக்கு யுஏஎன் போர்ட்டல்லயே இ-நாமினேஷன் போடலாம். விடியறதுக்கு முன்னாடி ரோட்டுல இறங்கறவங்க இதை தள்ளிப் போடக் கூடாது.

அப்பாவோட பழைய சைக்கிள் இருந்தா அவசரப்பட்டு யாருக்கும் கொடுக்காதீங்க, சொந்தக்காரங்க கேப்பாங்க, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லுங்க. எங்க அப்பாவோடது ஹெர்குலிஸ், அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் தயாரிப்பு. அந்த மாதிரி வண்டிக்கு 28 இஞ்ச், ஒண்ணரை இஞ்ச் டயர் இன்னும் தெருக்கோடி கடைகள்ல கிடைக்குது. கிராங்க் ஆடுதுன்னா முதல்ல காட்டர் பின்னை (பெடல் கையை அச்சோட இறுக்கிப் பிடிக்கிற ஆணி) பாருங்க, தேஞ்சிருக்கும், மாத்தினா சரியாயிடும், விலையும் ரொம்ப கம்மி. ரிம்முக்கு கோட்டம் எடுத்து, பால்ஸ் மாத்தி கிரீஸ் போட்டு, பிரேக் கட்டை புதுசு போட சொல்லுங்க. பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டாம், கேரியர்ல அவர் கயிறு கட்டிக் கட்டி தேஞ்ச இடம் எல்லாம் போயிடும். இந்த வேலைக்கு ஸ்பாண்டெக்ஸ் போட்டு போற பெரிய கடையை விட, நாப்பது வருஷமா இதையே பண்ற பஞ்சர் கடைக்காரர் தான் சரியான ஆள்.

இதெல்லாம் பண்ணியும் தூக்கம் வரல, சாப்பிட பிடிக்கல, எதுலயும் மனசு ஒட்டலன்னு வாரக்கணக்கா போனா சைக்கிள் அதுக்கு மருந்து இல்ல. டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, ஃப்ரீ தான், தமிழ்லயே பேசலாம், இல்ல நேரா டாக்டரை பாருங்க.

கடைசியா, குரூப்ல ஒருத்தர் வீட்டுல இப்படி நடந்திருந்தா மத்தவங்களுக்கு. "வா ஓட்டலாம், எல்லாம் சரியாயிடும்"ன்னு பத்தாவது நாளே கூப்பிடாதீங்க. வீட்டுக்கு போங்க, சேர் தூக்கிப் போடறது, டீ வாங்கிட்டு வர்றது, வெளியூர்லேருந்து வர்றவங்களை ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டு வர்றதுன்னு வேலை நிறைய இருக்கும். ஒரு மாசம் கழிச்சு அவங்களே வர்றேன்னு சொன்னா அன்னைக்கு குரூப் ரைடுக்கு இழுக்காதீங்க, ஒரே ஒருத்தர் மட்டும் அவங்க வீட்டு வாசலுக்கே போய் கூட்டிட்டு போங்க. பின்னாடி விடாம பக்கத்துலயோ ஒரு சக்கரம் முன்னாடியோ ஓட்டுங்க, அவங்க பேசினா பேசுங்க, பேசலன்னா விட்டுடுங்க. பம்ப், ட்யூப், பஞ்சர் கிட் எல்லாம் நீங்களே எடுத்துட்டு போங்க, அவங்க மறந்திருப்பாங்க.